சொல்லாத இருபது வரிகள்

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் கடலூர் கலெக்டர் ஆபீஸ் மதிலோரம், தூங்குமூஞ்சி மரத்து நிழலில், மங்கலத்தின் முன்னால் பத்துப் பேராவது காத்திருப்பார்கள். மடக்கு ஸ்டூல், தொடைமேல் ஓர் அட்டை, நாலு நீலப் பேனா. அவள் மனு எழுதிக் கொடுக்கிறவள்.

"சாக்கடத் தண்ணி வூட்டுக்குள்ள வருதும்மா" என்று ஆரம்பிப்பாள் ஒரு கிழவி. "மருமவ கோச்சிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. தெருநாய் வேற கால புடுங்கிடுச்சு."

"ஆயா, நீங்க சொல்றத அப்படியே எழுதுனா கலெக்டர் நாயப் புடிக்கத்தான் ஆள் அனுப்புவாரு. நீங்க சொல்ல வந்தத நான் எழுதறேன், செத்த இருங்க."

பத்தே நிமிடத்தில், கழிவுநீர் வாய்க்கால் அடைப்பும் அதனால் குழந்தைகளுக்கு வரும் காய்ச்சலும் முத்து முத்தான எழுத்தில் தாளில் இறங்கிவிடும். வாசித்துக் காட்டினால் கிழவிக்குக் கண் கலங்கும். "இதத்தாம்மா சொன்னேன்!" என்பாள். அவள் அதைச் சொல்லவே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். பதினான்கு வருடமாக மங்கலம் செய்துவந்த தொழில் அது. குழறுகிற நாக்குக்குப் பின்னால் நிற்கிற நெஞ்சைப் படித்து எழுதுவது.

கலெக்டருக்கும் தாசில்தாருக்கும் எழுதும்போது நடுங்காத அந்தக் கை ஒரே ஒரு இடத்தை நினைத்தால் நடுங்கும். அது பரீட்சை ஹால்.

அவள் பிளஸ் டூ எழுதிய வருடம் பக்கத்து பெஞ்சில் அஞ்சலாட்சி உட்கார்ந்திருந்தாள். உயிர்த்தோழி. யாரோ எறிந்த ஒரு துண்டுச் சீட்டு அஞ்சலாட்சியின் காலடியில் வந்து விழுந்தது. பறக்கும் படை உள்ளே நுழைந்ததும் அதே நிமிடம். "எனக்குத் தெரியாது சார்! எனக்குத் தெரியாது சார்!" அந்த அலறல் மங்கலத்தின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. மூன்று வருடம் பரீட்சை எழுதத் தடை. ஒரே மாதத்தில் கல்யாணம். பத்து வருடம் கழித்துப் பண்ருட்டியில் ஒரு முந்திரிக் கொட்டகையில் மங்கலம் அவளைப் பார்த்தாள். கொட்டை உடைத்து உடைத்துப் பால் பட்டு, பத்து விரலும் கரிக்கட்டை மாதிரி கருத்துப் போயிருந்தன. அஞ்சலாட்சி அந்தக் கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். மங்கலம் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

அப்படிப்பட்டவளை மறுபடி பரீட்சை ஹாலுக்கு இழுத்துக்கொண்டு போனது ஒரு பார்வையில்லாத பெண்.

2008-ஆம் வருடம் ஆடி மாதம். தேவனாம்பட்டினத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்த புஷ்பமேரி, தன் மகள் நித்யா மேரியைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். புருஷன் மரியலூர்துவைக் கடல் கொண்டுபோய் நாலு வருடம் ஆகியிருந்தது. மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கடலூரிலேயே பி.ஏ. முடித்துவிட்டுச் சிதம்பரத்துப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு சேர்ந்திருந்தாள். இலவச பஸ் பாஸுக்கு ஒரு மனு வேண்டும்.

மங்கலம் எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். நித்யா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"அக்கா, நீங்க எழுதறப்ப பேனா நிக்கவே இல்ல."

"பதினாலு வருஷப் பழக்கம்மா."

"எவ்ளோ படிச்சிருக்கீங்க?"

"பிளஸ் டூ."

நித்யாவின் முகத்தில் ஒரு வெளிச்சம். "அப்ப எனக்குப் பரீட்சை எழுத வரீங்களா? நான் சொல்லச் சொல்ல எழுதணும். ஸ்கிரைப்னு சொல்லுவாங்க. போன தடவ ஒரு பையன் வந்தான்க்கா. நான் சொல்லி முடிச்சு சாமி கும்பிட்டுட்டு வந்தாலும் அவன் முதல் வரியிலயே இருப்பான்."

புஷ்பமேரி சிரித்தாள். மங்கலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சை ஹாலா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் நித்யா மேரி கையை நீட்டி, காற்றில் துழாவி, மங்கலத்தின் விரல்களைக் கண்டுபிடித்துப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை உதற எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

வீட்டில் புருஷன் சுப்புராயன் கிண்டல் செய்தான். அவன் பண்ருட்டி மண்டியில் பலாப்பழமும் முந்திரி மூட்டையும் ஏற்றி இறக்குகிறவன். "பன்னெண்டாவது படிச்சவ எம்.ஏ. எழுதப் போறியா? பலே. நான்கூட மூட்ட தூக்கறத வுட்டுட்டு நாளைக்கு டாக்டருக்கு எழுதறேன்."

"உனக்கு எல்லாம் வெளையாட்டு. எனக்கு இப்பவே கை வேக்குதுய்யா."

பல்கலைக்கழக நூலகத்துக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருந்தது பார்வையற்ற மாணவர் உதவி மையம். ஒரு சுவர் முழுக்க ஒலிநாடாக்கள். மேசைமேல் பிரெய்ல் எழுதும் கருவி ஒன்று. திரையில் இருப்பதை மூக்கால் இங்கிலீஷில் படித்துச் சொல்கிற கம்ப்யூட்டர் ஒன்று. பிள்ளைகளுக்குப் பாடத்தை நாடாவில் பதிந்து கொடுப்பது, ஸ்கிரைப் பிடித்துக் கொடுப்பது, பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வாங்கித் தருவது, ஹாஸ்டலில் கீழ்த்தள அறைக்குச் சண்டை போடுவது எல்லாவற்றையும் பழனிவேல் என்ற ஒற்றை கிளார்க் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் மங்கலத்தை ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"அச்சடிச்ச மாதிரி இருக்கேம்மா! ஆனா ரெண்டு விஷயம். ஒண்ணு, உங்க படிப்பு அந்தப் பொண்ணு படிப்ப விடக் கம்மியா இருக்கணும். அது சரியா இருக்கு. ரெண்டு, அவ சொல்றத மட்டும்தான் எழுதணும். தப்புன்னு தெரிஞ்சாலும் வாய தொறக்கக் கூடாது."

"மீறினா சார்?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க பஸ் ஏறி வூட்டுக்குப் போயிடுவீங்க." பழனிவேல் குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பொண்ணுக்குத்தான் எழுதுன பேப்பர் அத்தனையும் ரத்து. ரெண்டு வருஷம் பரீட்சை எழுத முடியாது."

மங்கலத்தின் கண்முன் கருத்த பத்து விரல்கள் வந்து நின்றன.

ஆனாலும் எழுதினாள். முதல் மூன்று செமஸ்டரும் எழுதினாள். ஒவ்வொரு பரீட்சைக்கும் விடியலில் கடலூர் பழைய டவுனில் பஸ் ஏறுவாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர் ஊராகப் போகப் போகப் பையைத் திறந்து பேனாக்களை எண்ணிப் பார்த்துக்கொள்வாள். பி.முட்லூர் தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தின்மேல் பஸ் ஏறும்போது, இந்த பஸ் இங்கேயே பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று தோன்றும். ஹாலில் செருப்புச் சத்தம் கேட்டாலே பேனா நின்றுவிடும்.

"அக்கா, அது தண்ணி குடுக்க வர்றவரு. எழுதுங்க" என்பாள் நித்யா. நடையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

பரீட்சை இல்லாத மாதங்களில் பழனிவேல் அவளை விடவில்லை. "உங்க குரலும் நல்லா இருக்கு, பாடத்தப் படிச்சு நாடாவுல பதிஞ்சி குடுங்களேன்" என்றார். வாரம் ஒரு நாள் வந்து, சோழர் வரலாறு, விஜயநகர வரலாறு என்று பக்கம் பக்கமாக உரக்கப் படித்தாள். நித்யா இரவும் பகலும் கேட்டுப் படித்தது மங்கலத்தின் குரலில்தான். படித்தவளுக்கும் பாடம் மனத்தில் ஒட்டாமல் போகுமா? ஒட்டிக்கொண்டது. வினை அங்கேதான் முளைவிட்டது.

2010 ஏப்ரல். நான்காவது செமஸ்டர். கடைசிப் பேப்பர்.

அந்தப் பேப்பரின் பின்னால் நித்யாவின் வாழ்க்கை முழுவதும் நின்றது. எம்.ஏ. முடித்துவிட்டால் ஜூன் மாதமே புஷ்பமேரி வேலை பார்த்த பள்ளியில் வரலாறு சொல்லித்தர எடுத்துக்கொள்வதாக அதன் தலைமை சிஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். முடிக்காவிட்டால்? புஷ்பமேரியின் அண்ணன் முடிவாகச் சொல்லிவிட்டார்: "எத்தினி நாளைக்குத் தங்கச்சி நீ கூட்டிக்கினு திரிவ? பாஸ் பண்ணலன்னா புதுச்சேரியில ஒரு இல்லம் இருக்கு. மெழுகுவத்தி பண்ண கத்துக் குடுப்பாங்க. சோறும் போட்டுடுவாங்க. கொண்டுபோய் வுட்டுடலாம்."

அன்று காலை பஸ்ஸில் நித்யாவின் கை கொதித்தது.

"காய்ச்சல் அடிக்குதேம்மா!"

"ராத்திரி தூங்கல அக்கா. கண்ண மூடினா மெழுகு வாசனைதான் வருது." மங்கலம் அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

பார்வையற்றவர்களுக்கென்று தனி அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. மேற்பார்வை பார்க்கிற வாத்தியார் புழுக்கம் தாங்காமல் வாசல் வராந்தாவில் நாற்காலி போட்டு விசிறிக்கொண்டிருந்தார். நான்கு கேள்விகள் ஒருவாறு முடிந்தன. நித்யா சொன்னது எல்லாம் துண்டு துண்டாக இருந்தது. மூன்றாவது கேள்விக்குப் பாதி பதில்தான் வந்தது. மங்கலம் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்தாள். ஐம்பது வாங்கினால்தான் பாஸ். கடைசிக் கேள்வி இல்லாமல் ஐம்பது வராது.

ஐந்தாவது கேள்வி இருபது மார்க். சோழர் காலக் கிராம ஆட்சி.

மங்கலம் கேள்வியை வாசித்தாள். நித்யாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"பராந்தகன்... கல்வெட்டு..." என்றாள். நிறுத்தினாள். "ஓலை. பானை. பேர் எழுதி... அக்கா, அப்புறம் என்ன?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "இல்ல, சொல்லாதீங்க. சொல்லாதீங்க. நானே சொல்றேன். வாரியம். ஏரி... முப்பத்தஞ்சு வயசு..."

அந்தப் பெண் சொல்ல வந்தது என்ன என்று மங்கலத்துக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் தெரியும். மூன்று மாதம் முன்னால் அவளே நாடாவில் படித்துப் பதிந்தது! உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை, உறுப்பினருக்கு இருக்க வேண்டிய தகுதிகள், சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம். கல்வெட்டு என்கிறாள், பானை என்கிறாள், ஏரி என்கிறாள். எல்லாம் இருக்கிறதே! கோர்த்து எழுத ஒரு கைதானே வேண்டும்?

கை எழுத ஆரம்பித்தது. பதினாறு வருடம் மரத்தடியில் பழகிய கை அது. குழறுகிற நாக்கைக் கண்டால் அதற்கு வேறு எதுவும் தெரியாது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கிராம ஆட்சி முறையை விளக்கமாகக் கூறுகின்றன என்று தொடங்கி, வரிக்கு வரி, பத்திக்குப் பத்தி, ஆற்று நீர் மாதிரி ஓடியது.

எவ்வளவு நேரம் ஓடியதோ? நிமிர்ந்து பார்த்தபோது நித்யாவின் முகம் வெளுத்திருந்தது.

"அக்கா."

மங்கலத்தின் பேனா நின்றது.

"நான் எதுவும் சொல்லல. பேனா ஓடுதே."

மங்கலம் தாளைக் கையால் மூடினாள்.

"என்ன எழுதறீங்க? வாசிங்க."

வாசித்தாள். ஆனால் எழுதியதை வாசிக்கவில்லை. ஐயோ, அந்த நேரத்துப் பயம் மனிதரை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது! "பராந்தகன் கல்வெட்டு. ஓலையில் பெயர் எழுதிப் பானையில் போடுவார்கள். ஏரி வாரியம். முப்பத்தைந்து வயது..." என்று நித்யா சொன்ன சொற்களை மட்டும் பொறுக்கி வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"அது நாலு வரிக்கா. நீங்க பக்கத்தத் திருப்புனீங்க. சத்தம் கேட்டுது."

"நித்யா... நீ சொல்ல வந்ததத்தாம்மா எழுதுனேன். வேற ஒண்ணுமில்ல. ஒரு இருவது வரி. இத வுட்டா பாஸ் ஆவாது கண்ணு. உன்ன அந்த இல்லத்துல கொண்டுபோய்..."

நித்யா இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அடிச்சிடுங்க" என்றாள்.

"வேணாம்மா!"

"நான் நாளைக்குப் பிள்ளைங்க முன்னாடி நிக்கணும்க்கா. அங்கயும் நீங்க வந்து கோத்துக் குடுப்பீங்களா? அடிங்க."

மங்கலம் பேனாவை எடுத்தாள். அந்த நொடியில் வராந்தாவில் காலடிகள். தண்ணீர் கொடுக்கிறவரின் நடை இல்லை. நித்யா தலையைத் திருப்பினாள். "நாலு பேரு" என்றாள் மெதுவாக. "புது ஆளுங்க."

பறக்கும் படை!

மங்கலத்தின் காதுக்குள் இருபது வருடத்துக்கு முந்தைய அலறல் கேட்டது. எனக்குத் தெரியாது சார்... எனக்குத் தெரியாது சார்... இங்கே ஒருத்திக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

முன்னால் வந்தவர் ஐம்பது வயதுப் பேராசிரியை ஒருவர். ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். மையம் கொடுத்த அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார். மங்கலத்தைப் பார்த்தார். பிறகு விடைத்தாளை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார். அந்தத் தாள் புரளும் ஒவ்வொரு சத்தத்துக்கும் மங்கலத்தின் உயிர் ஒரு சாண் கீழே இறங்கியது.

"என்னம்மா நித்யா மேரி, அஞ்சாவது கேள்விக்கு என்ன சொன்னே? உறுப்பினர் ஆகத் தகுதி என்னென்ன எழுதியிருக்கே?"

பார்வையில்லாத பிள்ளைகளிடம் அப்படிக் கேட்பது வழக்கம்தான். தாளில் இருப்பது அவர்கள் வாயிலிருந்து வந்ததா என்று சோதிக்கும் வழி. நித்யா வாயைத் திறந்தாள். மூடினாள். மங்கலம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேடம், அந்தப் பதில அடிக்கச் சொல்லிட்டு இருந்தேன். அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

"ஏன் அடிக்கணும்? பதில் நல்லாத்தானே இருக்கு?"

"நான் இவ்ளோ நல்லா சொல்லல மேடம்."

பேராசிரியையின் பார்வை மெல்ல மங்கலத்தின் பக்கம் திரும்பியது. பேசாமல் இருந்தால் தப்பித்துவிடலாமோ என்று ஒரு கணம் நினைத்தாள். எழுந்து நின்றபோது நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அம்மா, அந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. என் கை பண்ணிச்சு. நான் மனு எழுதறவ. ஜனங்க சொல்ல வந்தத எழுதியே பழக்கமாயிடுச்சு. என்ன வேணா பண்ணுங்க, போலீஸ்ல வேணா குடுங்க. அவ பேப்பர மட்டும் ரத்து பண்ணிடாதீங்க! அவளுக்கு அப்பன் இல்லம்மா!"

பின்னால் நின்ற ஒருவர், "ரிப்போர்ட் எழுதிடலாமா மேடம்?" என்று கேட்டார்.

அந்த அம்மா நித்யாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் சிவப்புப் பேனாவைத் திறந்து, ஐந்தாவது பதில்மேல் மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு போட்டார். அடுத்த பக்கத்திலும் போட்டார். கோட்டின்மேல் கையெழுத்தும் தேதியும்.

"பொண்ணு தானே அடிக்கச் சொல்லியிருக்கா. அடிச்சாச்சு. இது பரீட்சையில சேராது. இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு, அவ சொல்றத எழுது." வாசல்வரை போய்த் திரும்பினார். "மையத்துல சொல்லிட்டுத்தான் போவேன். இன்னொரு தடவ என் கண்ணுல இப்படி ஒரு தாள் பட்டா, இந்தப் பொண்ணு முகத்துக்காகக்கூட விட மாட்டேன்."

அந்தப் பதினைந்து நிமிடத்தில் நித்யா எட்டு வரி சொன்னாள். மங்கலம் எட்டு வரிதான் எழுதினாள். தாளில் இரண்டு இடத்தில் எழுத்து கலைந்திருந்தது. வியர்வையா கண்ணீரா என்று எழுதினவளுக்கே தெரியாது.

திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து பழைய டவுனில் இறங்கும்போது நித்யா, "போய்ட்டு வரேன்க்கா" என்றாள். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மங்கலம் பட்ட பயத்தை எழுத்தில் எப்படிச் சொல்வது? தபால்காரர் சைக்கிள் மணி அடித்தால் உடம்பு தூக்கிப் போடும். அந்த அம்மா மனம் மாறி ரிப்போர்ட் எழுதிவிட்டிருந்தால்? செல்போனில் சிதம்பரத்து நம்பர் வந்தால் எடுக்கவே மாட்டாள். சோறு இறங்கவில்லை. மரத்தடியில் யாராவது, "எம்மா, நான் சொன்னத நல்லா கோத்து எழுதும்மா" என்றால் எழுத வராமல் உட்கார்ந்துவிடுவாள்.

"ஏண்டி, நீ ஆள கீள வெட்டிட்டியா?" என்றான் சுப்புராயன். "கம்முனு கெடந்தா எப்படி?"

"அதவுட ஜாஸ்தியா பண்ணிட்டேன்யா."

அவன் அதற்குமேல் கிண்டல் செய்யவில்லை. அன்று ரசம் அவன் வைத்தான்.

ஜூனில் முடிவு வந்தது. ரிப்போர்ட் எதுவும் போகவில்லை. நித்யாவின் மார்க் நாற்பத்தேழு.

மூன்று மார்க்! மூன்றே மார்க்கில் போயிற்று ஒரு பெண்ணின் வேலை! செய்தி தெரிந்த அன்றே மங்கலம் பழனிவேலுக்குப் போன் போட்டு, ஸ்கிரைப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். "எனக்கு வேற கை கெடையாது சார். இருக்கற கை இப்படித்தான்" என்று சொல்லி அழுதாள்.

செப்டம்பரில் ஒரு திங்கட்கிழமை. கூட்டம் கலைந்து, மங்கலம் ஸ்டூலை மடக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நித்யா மேரி நின்றாள், கையில் வெள்ளைக் கோலோடு, தனியாக.

"தனியாவா வந்த? ரோட்ட எப்படித் தாண்டுன?"

"கலெக்டர் ஆபீஸ் எங்கன்னு கேட்டேன். இழுத்துக்கினு வந்து வுட்டுட்டாங்க. நவம்பர்ல மறுபடி எழுதறேன்க்கா. சிஸ்டர் ஜனவரி வரைக்கும் வேலைய வெச்சிருக்கறதா சொல்லிட்டாங்க. மாமாவும் அதுவரைக்கும்தான் பொறுத்துப்பாராம்."

"நல்லா எழுதும்மா."

"நீங்கதான் எழுதணும். பழனிவேல் சார்கிட்ட பேசி ஒத்துக்க வெச்சுட்டேன்."

மங்கலம் பின்வாங்கினாள். "வேணாம். பழனிவேல் சார் வேற ஆள் தருவாரு. என்ன நம்பாத நித்யா. என்னாலதான் உனக்கு..."

"உங்களாலயா? எட்டு வரிதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" நித்யா இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தாள். "வேற ஆளு நான் சொல்லாதத எழுதினா எனக்கு எப்படித் தெரியும்? உங்க பேனா எப்படி ஓடும்னு எனக்குத் தெரியும்க்கா. நாலு செமஸ்டர் கேட்டிருக்கேன். நீங்க ஒரு வார்த்த கூட்டுனாலும் கண்டுபிடிச்சிடுவேன்."

"இந்தக் கை மறுபடி ஓடிட்டா?"

"அப்ப மெழுகுவத்தி பண்ணப் போறேன். வாங்க."

எத்தனை பெரிய விஷயத்தை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்! மங்கலம் மரத்தில் சாய்ந்துகொண்டாள்.

போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

நவம்பர் மழையில் வெள்ளாறு கரை தொட்டு ஓடியது. அதே அறை, அதே மேசை. மங்கலம் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நித்யா சொன்னாள், எழுதினாள். நித்யா நிறுத்தினாள், நிறுத்தினாள். இந்த முறை நித்யாவுக்குக் காய்ச்சல் இல்லை. பதில்கள் தெளிவாக வந்தன. மூன்று கேள்விகள் முடிந்ததும் மங்கலத்துக்கே மூச்சு கொஞ்சம் சீரானது.

நான்காவது கேள்வி, சோழர் இராட்டிரகூடர் பகை. இருபது மார்க்.

"தக்கோலப் போர் கி.பி. 994-இல் நடைபெற்றது" என்றாள் நித்யா.

மங்கலத்தின் பேனா தாளைத் தொடாமல் நின்றது. 949! தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது! நாடாவில் எத்தனை தடவை படித்திருக்கிறாள்! எண் இடம் மாறிப்போயிற்று, அவ்வளவுதான். ஒன்பதையும் நாலையும் மாற்றிப் போட்டால் போதும். பேனாவின் சத்தத்தில் ஒரு வித்தியாசமும் தெரியாது. இதை நித்யாவாலும் கண்டுபிடிக்க முடியாது. ஒரு இருமல் இருமினால்கூட அந்தப் பெண் திருத்திக்கொள்வாள்.

தொண்டைவரை வந்த இருமலை விழுங்கினாள்.

ஒன்பது. இன்னொரு ஒன்பது. நாலு.

வாழ்நாளில் அவ்வளவு கனமான எண்ணை அவள் எழுதியதில்லை. வரியை முடித்துவிட்டு, கண்ணீர் தாளில் விழாமல் இருக்கத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வாசிங்கக்கா."

"தக்கோலப் போர் கி.பி. 994-இல் நடைபெற்றது." குரல் கொஞ்சமாவது தடுமாறினால் அதுவே ஜாடை ஆகிவிடும். தடுமாறாமல் வாசித்தாள்.

நித்யா ஒரு விநாடி யோசித்தாள். யோசி கண்ணு, யோசி!

"சரி. அடுத்தது எழுதுங்க" என்றாள் நித்யா.

மணி அடித்து வெளியே வந்து, வராந்தாவில் மழை நிற்கக் காத்திருந்தபோதுதான் நித்யா கோலைத் தரையில் தட்டினாள்.

"ஐயோ! தக்கோலம் 949 இல்ல? நான் என்னக்கா சொன்னேன்?"

"994."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா எழுதுனீங்க? பாவி அக்கா!" என்று கத்தினாள் நித்யா. பிறகு கோலைக் கீழே போட்டுவிட்டு, மங்கலத்தின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். ஒரு எண்ணுக்காக யாராவது அப்படி அழுவார்களா? மங்கலமும் அழுதாள். அவள் அழுதது பயத்தில். அந்தத் தவறு எத்தனை மார்க்கைத் தின்னுமோ? மறுபடி மூன்று மார்க்கில் போய்விட்டால்?

நாற்பத்திரண்டு நாள் அந்தப் பயத்தோடு இருந்தாள். கிறிஸ்துமஸுக்குப் புஷ்பமேரி கொடுத்தனுப்பிய கேக்கைத் தொடவில்லை. ஜனவரி பிறந்தது.

போன் வந்தபோது மங்கலம் அடுப்பங்கரையில் இருந்தாள். சிதம்பரத்து நம்பர். கை போகவில்லை. சுப்புராயன்தான் எடுத்து அவள் காதில் வைத்தான்.

"அக்கா! அம்பத்தஞ்சு! அந்த அம்பத்தஞ்சும் என்னுது!"

மங்கலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன் கையிலிருந்து நழுவியது. சுப்புராயன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

"இன்னாடி ஆச்சு? பாஸா?"

தலையை ஆட்டினாள்.

"அப்படிச் சொல்லு! என் பொண்டாட்டி எம்.ஏ. எழுதிப் பாஸ் பண்ணிட்டான்னு மண்டி பூராச் சொல்லிடறேன், பாரு."

"சொல்லாதய்யா" என்றாள் மங்கலம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நான் ஒண்ணும் எழுதல. அவ சொன்னா."